முழு டைவையும் பாருங்கள்: ஸ்குவாட் லாப்ஸ்டர் தேடுபவர்களுக்கு இரண்டு ஆழ்கடல் நேரலைகள்

ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிட்யூட் தன் ஆய்வுக் கப்பலிலிருந்து யூட்யூபில் ஒளிபரப்பும் ஆழ்கடல் டைவ்களையும் (ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி கடலடிக்கு ஒருமுறை இறங்கி ஏறுவது ஒரு டைவ்), அமெரிக்க அரசின் நோவா அமைப்பு ஓகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பலிலிருந்து தரும் நேரலையையும் சில ஆண்டுகளாக விடாமல் பார்த்துவருகிறேன். இரண்டும் இலவசம். பார்க்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இவற்றைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருந்தால் அது பெரும்பாலும் "அதிசய உயிரினம்" என்ற ரகத்துச் செய்தியாகவே இருக்கிறது. ஒரு சேவையாக இவை எப்படி, யாருக்குப் பயன்படும், எங்கே போதாது என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஓட்டுடலிகள் எனக்குப் பிடித்த பகுதி, அதிலும் ஸ்குவாட் லாப்ஸ்டர்கள்மேல் தனிப் பிரியம். இந்த விமர்சனம் முழுக்க அந்த ஒரு கண்ணால் பார்த்தது. வெப்பமண்டல அமெரிக்கக் கடல்களில், அதாவது மெக்சிகோ வளைகுடா, கரீபியன், அப்புறம் பசிபிக் பக்கம் பாகா கலிபோர்னியாவில் தொடங்கிப் பெரு வரை, இந்த விலங்குகள் எங்கே இருக்கின்றன, எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன, எங்கே இல்லை என்று தெரிந்துகொள்ள இந்த நேரலைகள் உதவுமா? உதவும். ஆனால் பார்க்க வேண்டிய விதத்தில் பார்த்தால்தான்.

முதலில் விலங்கைப் பற்றிக் கொஞ்சம். பெயரில் லாப்ஸ்டர் இருந்தாலும் இது சிங்கி இறாலுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. துறவி நண்டுகளும் பீங்கான் நண்டுகளும்தான் இதன் பங்காளிகள். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை விரல் நீளம்கூட வராது. வால் பகுதியை உடம்புக்கு அடியில் மடித்துவைத்திருக்கும், கைகள் மட்டும் உடம்பைவிட நீளமாக நீண்டிருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்காரும் என் அண்ணன் மகள் ஒருநாள் திரையில் விரல் வைத்து எண்ணினாள். "அத்தை, நண்டுக்கு இடுக்கிக் கை போக நாலு ஜோடிக் கால் இருக்குமே, இதுக்கு ஏன் மூணு ஜோடிதான் இருக்கு?" சரியான கேள்வி. ஐந்தாவது ஜோடி மிகச் சிறியது. ஓட்டுக்குள் மடிந்து, செவுள் அறையைச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கும். அந்தக் குழந்தை எண்ணியதுதான் திரையில் இவற்றை அடையாளம் காண எளிய வழி. மங்கலான படத்தில்கூடக் கைகளையும் மூன்று ஜோடிக் கால்களையும் எண்ணிவிடலாம்.

சரி, சேவைக்கு வருவோம். ஷ்மிட் நிறுவனத்தை எரிக் ஷ்மிட்டும் வெண்டி ஷ்மிட்டும் 2009இல் தொடங்கினார்கள். இப்போது ஓடும் கப்பல் ஃபால்கோர் (டூ), 2023இல் பணிக்கு வந்தது. அதிலிருந்து இறக்கப்படும் ஆளில்லா நீர்மூழ்கிக்கு சூபாஸ்டியன் என்று பெயர். 4,500 மீட்டர் வரை போகும், 4கே கேமரா உண்டு. நோவாவின் நீர்மூழ்கி டீப் டிஸ்கவரர் 6,000 மீட்டர் வரை போகும். இரண்டிலும் ஏற்பாடு ஒன்றுதான். கருவி இறங்கும், தரையைத் தொடும், மெதுவாக நகரும். கூடவே விஞ்ஞானிகள் பேசிக்கொண்டே வருவார்கள். நோவாவில் கூடுதலாக ஒன்று உண்டு. கரையில் இருக்கும் நிபுணர்கள் தொலைபேசி வழியாகப் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள். கரீபியன் பவளங்களைப் பற்றி ஆயுள் முழுக்கப் படித்த ஒருவர் தன் அறையில் உட்கார்ந்தபடி "கொஞ்சம் இடது பக்கம் போங்கள், அந்தக் கிளையின் அடியைக் காட்டுங்கள்" என்று கேட்பதும், நீர்மூழ்கி திரும்பிப் போய்க் காட்டுவதும் எனக்கு எப்போது பார்த்தாலும் மனசு நிறையும் காட்சி.

நேரமும் நமக்கு வசதி. போர்ட்டோ ரிக்கோவில் காலை எட்டரைக்கு டைவ் தொடங்கினால் இங்கே மாலை ஆறு மணி. கலாபகோஸ் என்றால் இன்னும் கொஞ்சம் பின்னால் போகும், இரவுச் சாப்பாட்டு நேரம். தரையைத் தொடும்வரை திரையில் நீலமும் கறுப்பும் தவிர எதுவும் இருக்காது. 2,500 மீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் வீட்டு வேலையை முடித்துவிடலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரண்டு நிறுவனங்களும் டைவ்களிலிருந்து சில நிமிடத் துணுக்குகளை வெட்டித் தனியாகப் போடுகின்றன. அழகான துணுக்குகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விலங்கு எங்கே வாழ்கிறது என்பதைத் துணுக்கு கற்றுத்தராது. துணுக்கில் விலங்கு எப்போதும் இருக்கும். முழு டைவில் மணிக்கணக்கில் வெறும் சேறு போகும், எரிமலைக் கல் போகும், ஒன்றும் இருக்காது. திடீரென ஒன்று தெரியும். பத்து நிமிடம் கழித்து இரண்டு. அப்புறம் ஒரு சரிவு ஏறியதும் ஒரு கல்லில் ஏழெட்டு. அந்த வெற்றிடமும் அதற்குப் பின் வரும் கூட்டமும் சேர்ந்ததுதான் பரவல். பாடநூலில் ஒரு வரைபடமும் சில புள்ளிகளும் இருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடம் என்ன என்பதை எனக்குக் காட்டியது இந்த நீளமான, எதுவும் நடக்காத ஒளிப்பதிவுகள்தான்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 2023இல் கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே நடந்த ஷ்மிட் பயணம். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ராக்சேன் பெய்னார்ட் அதற்குத் தலைமை விஞ்ஞானி. அந்தப் பகுதியில் வெந்நீர் ஊற்று இருக்கலாம் என்பதற்கான வேதிக் குறிப்பு 2008லேயே கிடைத்திருந்தது. இடம் மட்டும் பிடிபடவில்லை. கடலடியில் 350 டிகிரிவரைகூடச் சூடான நீர் பீய்ச்சும் ஊற்றானாலும் சில மீட்டர் தள்ளிப் போனால் வெப்பம் குளிர்ந்த கடலில் கரைந்துவிடும். வெப்பமானியை வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. குழுவினர் ஸ்குவாட் லாப்ஸ்டர்களைக் கவனித்தார்கள். அவை எந்தப் பக்கம் கூடுகின்றனவோ அந்தப் பக்கம் நீர்மூழ்கியை ஓட்டினார்கள். பறவைகள் வட்டமிடும் இடத்தைப் பார்த்துப் படகைத் திருப்பும் மீனவர் செய்வதும் இதையேதான். கடைசியில் ஊற்று கிடைத்தது. 9,178 சதுர மீட்டர் பரப்பு, அளந்ததில் அதிகபட்ச வெப்பம் 288 டிகிரி செல்சியஸ். வழிகாட்டிய விலங்குகளின் நினைவாக அந்த இடத்துக்கு ஸ்பானிய மொழியில் செந்தேரோ தெல் காங்ரெஹோ, அதாவது நண்டுகளின் தடம் என்று பெயர் வைத்தார்கள்.

செய்தியாகப் படித்தால் இது இரண்டு பத்திதான். டைவ் பதிவாகப் பார்க்கும்போது வேறு. வெளிறிய வெள்ளை நிறத்தில் முனிடாப்சிஸ் என்ற ஸ்குவாட் லாப்ஸ்டர் ஒன்று, கண் நிறமே இல்லாமல், கறுப்பு எரிமலைப் பாறையில் தனியாக. முனிடாப்சிஸ் பேரினத்தில் ஆழ்கடல் வாழ்க்கைக்குப் பழகியவை ஏராளம். 5,000 மீட்டரைத் தாண்டியும் கிடைக்கின்றன. பல சிற்றினங்களுக்கு ஊற்று கட்டாயம் இல்லை, ஆனால் ஊற்றுப் பக்கம் உணவு அதிகம். அதனால் ஊற்றைச் சுற்றி அடர்த்தி கூடும், தள்ளிப் போகப் போகக் குறையும். இந்தச் சரிவைத்தான் அந்தக் குழு பயன்படுத்தியது. ஓர் உயிரினத்தின் பரவலைப் பற்றிய அறிவு உடனுக்குடன் ஒரு கண்டுபிடிப்பாக மாறியதை நேரலையில் பார்க்க முடிந்தது என்றால் அதற்கு இணையான வகுப்பறை எனக்குத் தெரியவில்லை. 1977இல் ஆல்வின் நீர்மூழ்கி முதன்முதலாக ஆழ்கடல் வெந்நீர் ஊற்று உயிர்களைக் கண்டதும் இதே கலாபகோஸ் வட்டாரத்தில்தான், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில். அன்று அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தச் சிறிய உருண்டைக்குள் இருந்தவர்கள் மட்டும்.

இந்தக் காட்சிகளை எடுத்துப் பின்னணி இசை சேர்த்து "வேற்றுக்கிரக நண்டு" என்று தலைப்பிட்டுப் போடும் சேனல்கள் நிறைய வந்துவிட்டன. எந்தக் கடல், எவ்வளவு ஆழம், எந்த ஆண்டு, எதுவும் இருக்காது. அண்டார்க்டிக் விலங்கையும் கரீபியன் விலங்கையும் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். என் மாணவர்கள் அப்படி ஒன்றைக் காட்டிச் சந்தேகம் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மூலச் சேனலில் அதே காட்சி, இடமும் தேதியும் ஆழமும் சேர்ந்து, செலவில்லாமல் கிடைக்கிறது. இடம் தெரியாத ஸ்குவாட் லாப்ஸ்டர் படத்தால் யாருக்கு என்ன பயன்?

கோஸ்டாரிக்கா பக்கம் தனிச் சுவை. அங்கே பசிபிக் சரிவில் மீத்தேன் கசியும் மேடுகள் உண்டு. 2006இல் ஆல்வின் டைவ் ஒன்றில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், ஒரு ஸ்குவாட் லாப்ஸ்டரைப் பார்த்தார்கள். கைகளை ஒரு தாளத்தோடு இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருந்தது. 2011இல் தர்பர், ஜோன்ஸ், ஷ்னாபெல் மூவரும் அதற்குக் கீவா புராவிடா என்று பெயர் சூட்டி விவரித்தார்கள். அதன் கைகளிலும் உடம்பிலும் உள்ள மயிர்களில் பாக்டீரியாக்கள் வளர்கின்றன. கசிவிலிருந்து வரும் வேதிப்பொருள்தான் அவற்றுக்கு உணவு. விலங்கு கையை அசைப்பதால் புதிய நீர் பாக்டீரியாவைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் வாயருகே உள்ள சீப்பு போன்ற உறுப்பால் பாக்டீரியாவை வாரித் தின்னும். தன் உடம்பிலேயே பயிர் செய்து அறுவடையும் செய்கிறது. இதன் குடும்பமே அறிவியலுக்குப் புதியது. முதல் கீவா சிற்றினம் ஈஸ்டர் தீவுக்குத் தெற்கே கிடைத்து 2005இல்தான் விவரிக்கப்பட்டது.

ஷ்மிட் கப்பல்கள் கோஸ்டாரிக்கா கடலுக்கு 2019இலும் 2023இலும் போயின. 2023 பயணம் ஆக்டோபஸ் முட்டையிடும் பாறைக்காகப் பேர்பெற்றது, பேச்சும் பெரும்பாலும் ஆக்டோபஸைச் சுற்றியே போகும். ஆனால் திரையின் ஓரத்தைப் பாருங்கள். ஆக்டோபஸ் இருக்கும் அதே பாறைச் சரிவுகளில் ஸ்குவாட் லாப்ஸ்டர்களும் இருக்கும். கேமரா நிற்காது, வர்ணனையில் ஒரு வார்த்தையும் வராது. நீங்களே நிறுத்தி, பின்னால் போய், ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யப்பட்ட டைவின் அருமை அங்கேதான்.

கரீபியன் பக்கம் போனால் உலகமே மாறிவிடும். நோவா போர்ட்டோ ரிக்கோவைச் சுற்றி 2015இலும் 2018இலும் நடத்திய பயணங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அங்கே ஸ்குவாட் லாப்ஸ்டரைத் தரையில் மட்டும் தேடினால் பாதியைத் தவறவிடுவீர்கள். பவளத்தைப் பாருங்கள். விசிறிப் பவளங்களின் கிளைகளிலும் கறுப்புப் பவளத்திலும் யூரோப்டைக்கஸ் என்ற சின்னஞ்சிறு வகை ஒட்டியிருக்கும். காஸ்ட்ரோப்டைக்கஸ் என்று இன்னொன்று, கால்கள் சிலந்தியுடையவை மாதிரி நீண்டு, பவளத்தின் வடிவத்தோடு கலந்துவிடும். கேமரா பெரிதாக்கும்வரை அது பவளத்தின் கிளை என்றே நினைப்போம். மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலும் கல் பவளத் திட்டுகளின் உச்சியில் யூமுனிடா பிக்டா என்ற ஸ்குவாட் லாப்ஸ்டர் ஏறி நின்று, நீண்ட கைகளை நீரோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு நிலையைப் பார்த்தால் போதும், அது ஏன் மேடான இடத்தையே தேர்ந்தெடுக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அருங்காட்சியகச் சாராய ஜாடியில் இந்த உறவு இருக்காது. இழுவலையில் மேலே வரும்போது பவளம் ஒரு பக்கம், விலங்கு ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம் என்று வரும். கரீபியன் ஸ்குவாட் லாப்ஸ்டர் அறிவின் அடித்தளமே அப்படி வந்ததுதான். அலெக்சாண்டர் அகாசிஸ் 1877 முதல் 79 வரை பிளேக் கப்பலில் மெக்சிகோ வளைகுடாவிலும் கரீபியனிலும் வாரி எடுத்தவற்றைப் பாரிஸில் இருந்த அல்போன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ் ஆராய்ந்து 1880இல் ஏராளமான சிற்றினங்களை விவரித்தார். இன்றைக்கும் அந்தக் கடலின் பட்டியலை எடுத்தால் அவர் பெயரும் அந்த ஆண்டும் வரிக்கு வரி வந்துகொண்டே இருக்கும். பசிபிக் பக்கம் அதே வேலையை 1891இல் ஆல்பட்ராஸ் கப்பலும் வால்டர் ஃபாக்ஸனும் செய்தார்கள். அவர்கள் யாரும் தாங்கள் விவரித்த விலங்கு உயிரோடு எப்படி நிற்கும் என்று பார்த்ததில்லை. நாம் பார்க்கிறோம், அதுவும் வீட்டில் உட்கார்ந்து.

இரண்டு கடல்களையும் மாறிமாறிப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பனாமா நிலப்பாலம் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு முழுக்க மூடிக்கொண்டது. ஆழ்கடல் வழி அதற்கும் முன்பே அடைபட்டது. அதற்கப்புறம் இரு பக்கமும் தனித்தனியாகப் போயின. கரீபியனில் பவளத்தோடு ஒட்டி வாழும் யூரோப்டைக்கஸ் வகைகள் கண்ணில் படுவதுபோல் கிழக்குப் பசிபிக்கில் படாது, அங்கே அவை குறைவு. பசிபிக் பக்கம் முனிடாப்சிஸ் ஓங்கி நிற்கும். இன்னொரு பெரிய வேறுபாடு ஆக்சிஜன். மெக்சிகோவிலிருந்து பெரு வரை பசிபிக்கில் நடுத்தர ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு நீர் அடுக்கு விரிந்துகிடக்கிறது. அந்த அடுக்கு தரையைத் தொடும் இடத்தில் பெரும்பாலான விலங்குகள் காணாமல் போகும். அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஸ்குவாட் லாப்ஸ்டர்கள் கூடும். மெக்சிகோவின் மாசத்லானிலிருந்து மிஷேல் ஹென்ட்ரிக்ஸ் எல் பூமா கப்பலில் நடத்திய நீண்டகால ஆய்வுகள் இந்தக் கதையை எண்களோடு சொல்கின்றன. டைவ் பதிவில் அதைப் பார்ப்பது எளிது. ஆழத்தைக் குறித்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் உயிர் நின்றுபோய், இன்னோர் இடத்தில் மீண்டும் தொடங்குவது தெரியும்.

இனி, இந்த நேரலைகளால் முடியாதவை.

சிற்றினப் பெயர். இதற்காக மட்டும் நேரலையை நம்பாதீர்கள். வர்ணனையில் வருவது பேரினம் வரைக்கும்தான் உறுதி, சில சமயம் அதுவும் இல்லை. விஞ்ஞானிகளே அதை வெளிப்படையாகச் சொல்வார்கள், அந்த நேர்மைக்கு என் மரியாதை. ஒரு முனிடாப்சிஸை இன்னொன்றிடமிருந்து பிரிக்க ஓட்டின் முன்முனை, கண்ணருகே உள்ள முட்கள், கால் நுனியின் பற்கள், வாலின் தகடுகள் என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை பல. அதற்கு விலங்கு மேலே வர வேண்டும். நீர்மூழ்கி உறிஞ்சுகுழாயால் ஒன்றைப் பிடித்துப் பெட்டியில் போடும் காட்சி வந்தால் அந்த டைவ் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்து அது ஒரு கட்டுரையில் பெயரோடு வரலாம். பழைய பாணி இழுவலை ஆய்வுகளை இது தேவையற்றதாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெற்கு மெக்சிகோ வளைகுடாவின் ஸ்குவாட் லாப்ஸ்டர்களைப் பற்றி வாஸ்கெஸ் பாதெரும் கிராசியாவும் 2016இல் வெளியிட்ட கட்டுரை அப்படிப்பட்ட சேகரிப்பின்மேல் நிற்கிறது. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பெயர்கள் நிலையாக இல்லை என்பதும் ஒரு சிக்கல். 2022இல் மச்சோர்தோமும் உடன் ஆய்வாளர்களும் மரபணு ஆதாரத்தோடு முனிடா என்ற ஸ்குவாட் லாப்ஸ்டர் பேரினத்தையும் அதன் குடும்பத்தையும் பிரித்து அடுக்கினார்கள். பல சிற்றினங்கள் பேரினம் மாறின. பழைய டைவில் ஒரு பெயர் கேட்டிருப்பீர்கள், புதிய டைவில் வேறு பெயர் வரும். இதற்கு வோர்ம்ஸ் என்ற உலகக் கடல் உயிரினப் பதிவேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயரைக் கொடுத்தால் இன்றைய பெயரைத் தரும். பரவல் புள்ளிகளுக்கு யுனெஸ்கோவின் கீழ் இயங்கும் ஓபிஸ் தளம். நோவா டைவ்களுக்கு இன்னொரு அருமையான வசதி உண்டு. சீட்யூப் என்ற தளத்தில் டைவ் ஒளிப்பதிவோடு நிபுணர்கள் எழுதிய குறிப்புகளும் நேரத்தோடு சேர்த்து இருக்கின்றன. எந்த நொடியில் எந்த விலங்கு என்று தேடலாம். நோவாவின் ஆழ்கடல் விலங்கு அடையாளப் படத்தொகுப்பும் இணையத்தில் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் நோவா பக்கம் படிப்பதற்கு ஏற்றது, ஷ்மிட் பக்கம் பார்ப்பதற்கு ஏற்றது என்பது என் முடிவு. படத்தின் தரத்தில் சூபாஸ்டியன்தான் முன்னால்.

இன்னொரு பெரிய இடைவெளி, நீந்தும் வகைகள். வெப்பமண்டல அமெரிக்கக் கடலில் எண்ணிக்கையில் மிகுந்த ஸ்குவாட் லாப்ஸ்டர்களைத் தரையைப் பார்க்கும் கேமரா சரியாகக் காட்டாது. பாகா கலிபோர்னியா பக்கம் சிவப்பு நண்டு என்று அழைக்கப்படும் ப்ளூரான்கோடெஸ் ப்ளானிபெஸ் இளமையில் நடுக்கடலில் கூட்டமாக நீந்தித் திரியும், வளர்ந்த பிறகு தரைக்கு இறங்கும். சூரை மீனுக்கு அதுதான் விருந்து. நீர் சூடான ஆண்டுகளில் வடக்கே அடித்துக்கொண்டு போய்க் கரை ஒதுங்கும். 2015 ஜூனில் சான் டியேகோ கடற்கரைகள் அப்படித்தான் சிவந்து கிடந்தன. அதன் உடன்பிறப்பான ப்ளூரான்கோடெஸ் மொனோடான் சிலியில் தரையில் வாழ்ந்து வலையில் பிடிபடுகிறது, பெருவில் அதே சிற்றினம் சிறிய உருவத்தோடு மேல்நீரில் நீந்துகிறது. ஒரே விலங்கு, இரண்டு வாழ்க்கை. 2022 மாற்றத்தில் இவை இரண்டும் கிரிமோத்தியா என்ற பேரினத்துக்குப் போய்விட்டன. இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள நேரலை போதாது. இறங்கும்போது வரும் அந்த நீலக் கறுப்பு ஒரு மணி நேரத்தில் எப்போதாவது ஒன்று வெளிச்சத்தில் துள்ளி மறைந்தால் அதிர்ஷ்டம்.

மொழி ஒரு தடை. வர்ணனை ஆங்கிலம், தென் அமெரிக்கப் பயணங்களில் ஸ்பானியமும் வரும். தமிழ்வழியில் படித்த முதலாண்டு மாணவர்களுக்கு முதல் சில நாட்கள் சிரமம்தான். ஆனால் அடிக்கடி வரும் சொற்கள் குறைவு, சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். இணையச் செலவையும் கவனியுங்கள். எட்டு மணி நேர டைவை 4கேயில் ஓடவிட்டால் மொபைல் டேட்டா பாதியிலேயே தீர்ந்துவிடும். சேறு போகும் நேரத்தில் குறைந்த தரத்தில் வைத்து, விலங்கு வரும்போது மட்டும் தரத்தை உயர்த்திக்கொள்ளலாம். எங்கள் பகுதியில் இணைப்பு இரவில் விட்டுவிட்டு வரும், அதனால் பல டைவ்களை மறுநாள் பதிவாகத்தான் பார்க்கிறேன். நேரலையின் பரபரப்பு போய்விடும், ஆனால் நிறுத்திப் பார்க்கும் வசதி கிடைக்கும். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. கப்பல்கள் ஆண்டு முழுக்க இந்தக் கடல்களிலேயே இருப்பதில்லை என்பதால் நேரலைக்காகக் காத்திருப்பதைவிடப் பழைய பயணங்களின் பட்டியலைத் திறப்பதே நல்லது.

என் மாணவர்களுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். நேரம், ஆழம், தரை எப்படி, எதன்மேல் இருந்தது, எத்தனை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யம் எழுத ஆரம்பத்தில் சலித்துக்கொள்வார்கள். ஒரு முழு டைவ் முடிந்து அந்த எண்களைப் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்ததும் முகம் மாறும். போர்ட்டோ ரிக்கோ டைவ் ஒன்றில் எண்ணிக்கை முழுக்கப் பவளம் இருந்த விளிம்பில் குவிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. "மேடம், சேத்துல ஒண்ணுகூட பவளத்துல இருக்கிற வகை இல்ல" என்று தாளை நீட்டினாள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஷ்மிட் சேனலில் 2023 கலாபகோஸ் பயணப் பட்டியலைத் திறந்து, ஊற்றைக் கண்டுபிடிக்கும் டைவை முதலில் பாருங்கள். துணுக்கு வேண்டாம், முழுப் பதிவு. அடுத்தது நோவாவின் 2018 போர்ட்டோ ரிக்கோ, அதுவும் சீட்யூபில், குறிப்புகளோடு. கோஸ்டாரிக்காவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். பொழுதுபோக்காக அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு இந்தச் சேவைகளின் சிறு துணுக்குகளே போதும், முழு டைவ் அவர்களுக்கு ஒத்துவராது.